மின்சாரக் காரின் ஓட்டம் பெட்ரோல் காரில் வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்தில், விசேஷத்திற்கு வந்த உறவினரின் மின்சாரக் காரை வாங்கி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தவர்கள் இறங்கியதும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விதான்: இதே பிக்கப்பும் இதே அமைதியும் பெட்ரோல் வண்டியில் ஏன் வருவதில்லை, வரச் செய்ய முடியாதா? அந்தக் கேள்வியிலிருந்து கிளைத்தவையே கீழே உள்ளவை. சார்ஜிங் நிலையம், விலை, மானியம் ஆகியவற்றை விட்டுவிட்டு, ஓட்டுபவரின் காலுக்கும் சக்கரத்துக்கும் இடையில் நடப்பதை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மின்சாரக் காரின் ஓட்ட அனுபவம் என்றால் வேகம்தானே?

இல்லை. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடுகிறது என்ற எண்ணை விளம்பரங்கள் பெரிதாக்கிவிட்டன. அந்த எண்ணில் நடுத்தர மின்சாரக் கார்களை முந்தும் பெட்ரோல் கார்கள் நெடுங்காலமாகவே இருக்கின்றன. ஆனாலும் அவற்றின் ஓட்டம் மின்சாரக் காரின் ஓட்டத்தைப் போல இருப்பதில்லை. மின்சாரக் காரை ஓட்டியவர் மனத்தில் தங்குவது, மிதித்த அளவுக்கு, மிதித்த கணத்திலேயே, நடுவில் எந்த வெட்டும் இல்லாமல் வண்டி நகர்வதுதான். மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர் சில மில்லிநொடிகளில் முறுக்குவிசையை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசையை, எழுப்பிவிடும். அவ்வளவு திடீரென எழுந்தால் உள்ளே இருப்பவர்கள் குலுங்குவார்கள் என்பதால் மென்பொருள் அதை வேண்டுமென்றே சற்று மட்டுப்படுத்துகிறது. ஆகவே பெட்ரோல் கார் வடிவமைப்பாளர் துரத்த வேண்டியது உச்ச வேகத்தை அல்ல, ஆக்சிலரேட்டரை மிதித்த பிறகு வரும் முதல் அரை நொடியை. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அந்த அரை நொடியைப் பற்றியவை.

ஒரே திறன் கொண்ட எஞ்சினும் மோட்டாரும் சாலையில் ஏன் வேறு வேறாக நடந்துகொள்கின்றன?

திருமயத்திலிருந்து காரைக்குடி வரும் சாலையில் ஒரு பேருந்தின் பின்னால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கிறீர்கள் என்றும், எதிர்ப்பக்கம் காலியானதும் ஓவர்டேக் செய்ய நினைக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் பெட்ரோல் எஞ்சினின் உச்சத் திறன் 90 கிலோவாட். ஆனால் அந்தக் கணத்தில் வண்டி நான்காவது கியரில், எஞ்சின் நிமிடத்துக்கு சுமார் 1,800 சுற்றில் இருக்கிறது. அந்தச் சுற்றில் 150 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைத்தால், கணக்குப்படி கையில் இருப்பது 28 கிலோவாட் மட்டுமே. மீதி 62 கிலோவாட் 5,500 சுற்றுக்கு அருகே இருக்கிறது. அங்கே போய்ச் சேர, கியர் குறைந்து, எஞ்சின் தன் சொந்தப் பாகங்களையே முதலில் வேகப்படுத்திக்கொண்டு, பிறகுதான் வண்டியைத் தள்ள முடியும். அதற்குள் எதிரே ஒரு டிராக்டர் வந்துவிடுகிறது.

அதே 90 கிலோவாட் மோட்டார், 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையோடும் 9க்கு 1 என்ற ஒரே கியர் விகிதத்தோடும் இருக்குமானால், சுமார் 45 கிலோமீட்டர் வேகம் வரை முழு முறுக்குவிசையையும், அதற்கு மேல் முழுத் திறனையும் கேட்ட மாத்திரத்தில் கொடுக்கும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மேலே சொன்ன பெட்ரோல் காரின் முதல் கியரில், மொத்த விகிதம் 15க்கு 1 என்றால், சக்கரத்தில் வரும் முறுக்குவிசை 2,250 நியூட்டன் மீட்டர். மின்சாரக் காரிலும் அதே 2,250தான். நான்காவது கியரில் பெட்ரோல் காருக்கு அது 630 ஆகக் குறைந்துவிடுகிறது. எனவே எஞ்சின் பலவீனமானது என்று சொல்வது சரியல்ல. கேட்கும் நேரத்தில் அது தவறான இடத்தில் நிற்கிறது என்பதுதான் குறை. எஞ்சினை எப்போதும் சரியான இடத்தில் நிறுத்திவைப்பது எப்படி, அல்லது அது வந்து சேரும் வரை வேறு யார் வண்டியைத் தள்ளுவது என்ற இரண்டு வழிகளைத்தான் வடிவமைப்பாளர்கள் மாறி மாறி முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

டர்போ பொருத்தினால் போதாதா?

போதாது; சில நேரம் அதுவே குறையைக் கூட்டிவிடும். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவைச் சுழற்றுவது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகைவாயு. குறைந்த சுற்றில் புகைவாயு குறைவாக இருப்பதால், மிதித்த பிறகு வாயு பெருகி, டர்போ வேகமெடுத்து, காற்று அழுத்தம் ஏறிய பிறகே விசை வருகிறது. அடிகுழாயில் தண்ணீர் வருவதற்கு முன் சில முறை வெறுமனே அடிக்க வேண்டியிருப்பது போன்ற நிலை இது. சிறிய டர்போ பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றில் 1,500 சுற்றுக்குக் கீழே ஒரு மந்தமும், 2,000 சுற்றைத் தாண்டியதும் ஒரு திடீர்த் தள்ளலும் தெரிவதற்கு இதுவே காரணம். அந்தத் தள்ளலைச் சிலர் பிக்கப் என்று பாராட்டுகிறார்கள். என் கருத்தில், மெதுவான ஆனால் சீரான எஞ்சினைவிட இது மின்சாரக் காரிலிருந்து மேலும் விலகி நிற்கிறது, ஏனெனில் மிதித்த அளவுக்கும் கிடைத்த அளவுக்கும் இருக்க வேண்டிய பொருத்தம் இதில் குலைந்துவிடுகிறது.

இந்தத் தாமதத்தைப் போக்கப் பெரிய நிறுவனங்கள் எடுத்த வழி கவனத்திற்குரியது. 2016இல் ஆடி தன் எஸ்க்யூ7 டீசல் காரில் 48 வோல்ட் மின்சாரத்தால் சுழலும் காற்றழுத்தியைச் சேர்த்தது. 2017இல் வந்த மெர்சிடஸின் எம்256 என்னும் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் அத்தகைய காற்றழுத்தியோடு, ஸ்டார்ட்டராகவும் ஜெனரேட்டராகவும் இயங்கும் சுமார் 16 கிலோவாட் மோட்டாரும் சேர்ந்தது. 2024இல் போர்ஷே தன் 911 ஜிடிஎஸ் காரில், டர்போவின் தண்டிலேயே ஒரு மின்மோட்டாரையும், கியர்பாக்ஸுக்குள் 40 கிலோவாட் மோட்டார் ஒன்றையும், வெறும் 1.9 கிலோவாட் மணி கொள்ளளவு கொண்ட பேட்டரியையும் வைத்தது. எஞ்சினின் தாமதத்தை மறைக்க எல்லோரும் கடைசியில் மின்சாரத்தையே அழைத்திருக்கிறார்கள்.

எந்த வகைக் கியர்பாக்ஸ் மின்சாரக் காருக்கு நெருங்கி வரும்?

நம் நாட்டில் 2014இல் மாருதி செலேரியோ வழியாகப் பரவிய ஏஎம்டி (சாதாரணக் கியர்பாக்ஸின் கிளட்ச்சையும் கியரையும் தானாக இயக்கும் அமைப்பு), வசதிக்கும் விலைக்கும் நல்ல தீர்வு, ஆனால் இந்தப் போட்டியில் கடைசி இடம் அதற்குத்தான். ஒவ்வொரு கியர் மாற்றத்தின்போதும் கிளட்ச் பிரிந்து விசை அறுபடுவதால், உள்ளே இருப்பவர்களின் தலை முன்னும் பின்னும் அசைகிறது. இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில் அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக இருப்பதால் மாற்றம் மிக விரைவானது. ஆனால் பிள்ளையார்பட்டியில் விழா நாள் கூட்டத்தில் ஊர்வது போன்ற நிலையில், கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் போவதால் நெளிவு தெரியும். டார்க் கன்வெர்ட்டர் அங்கே நன்றாக நடந்துகொள்கிறது: திரவத்தின் வழியாக விசை செல்வதால் தொடக்கம் மென்மையாக இருப்பதோடு, நின்ற நிலையில் முறுக்குவிசையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கியும் தருகிறது.

சிவிடி கியர்பாக்ஸில் படிகளே இல்லை என்பதால் காகிதத்தில் அதுதான் மிக நெருங்கியது. டச்சு நிறுவனமான டாஃப் 1958இலேயே பெல்ட்டால் இயங்கும் இத்தகைய அமைப்பைக் காரில் அறிமுகப்படுத்தியது. ஆயினும் மிதித்ததும் எஞ்சின் சத்தம் முதலில் உயர்ந்து, வண்டி பின்னால் வருவதால், காதுக்கும் முதுகுக்கும் ஒத்துப்போவதில்லை. ஓட்டுபவரின் நம்பிக்கையைக் குறைப்பதில் தாமதத்துக்கு அடுத்த இடம் இந்தப் பொருந்தாமைக்கு உண்டு.

பேட்டரி, மோட்டார் எதையும் நாடாமல், எஞ்சினை மட்டும் வைத்தே இதைச் சாதிக்க முடியாதா?

ஓரளவுக்கு முடியும், விலைதான் கேள்வி. ஆக்சிலரேட்டரை மிதித்ததும், காற்றை உள்ளே விடும் த்ராட்டில் திறந்தாலும், அதற்கும் சிலிண்டருக்கும் இடையில் உள்ள குழாய்கள் காற்றால் நிறைய வேண்டும். அந்த இடைவெளியைக் குறைக்க ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலிலும் தனித்தனி த்ராட்டில் வைக்கலாம். அல்லது பிஎம்டபிள்யூ 2001இல் வால்வெட்ரானிக் என்ற பெயரில் செய்ததைப் போல, உள்வால்வு எவ்வளவு உயர்கிறது என்பதை வைத்தே காற்றின் அளவைக் கட்டுப்படுத்தலாம். எஞ்சின் சுழற்சியைச் சீராக்கும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் எடையைக் குறைத்தால் எஞ்சின் சட்டென்று சுற்றேறும், ஆனால் ஐடிலில் அதிர்வு கூடும், நெரிசலில் எஞ்சின் அணைந்துபோகவும் வாய்ப்புண்டு.

இந்த வழியை எல்லை வரை கொண்டுபோனவர் கார் வடிவமைப்பாளர் கார்டன் மர்ரி. 2020இல் அவர் வெளியிட்ட டி.50 காரில் டர்போ இல்லாத 3.9 லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 12,100 சுற்று வரை போகிறது. முழு வண்டியும் ஏறத்தாழ ஒரு டன்னுக்குள் அடங்குகிறது. பல கோடி ரூபாய் கொடுத்து வாங்க வேண்டிய அந்தக் காரிலும், கியரை ஓட்டுபவரே கையால் மாற்றிச் சரியான சுற்றில் வைத்திருந்தால்தான் அந்த உடனடித் தன்மை கிடைக்கும். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும் காருக்கு இது பொருந்தாது.

எஞ்சின் மின்சாரத்தை மட்டும் தயாரித்துக் கொடுத்து, சக்கரத்தை மோட்டாரே ஓட்டினால்?

என் பார்வையில் சரியான திசை இதுதான், இது புதியதும் அல்ல. திருச்சி பொன்மலை ஷெட்டில் பராமரிக்கப்படும் டீசல் ரயில் எஞ்சின்கள் இதே முறையில்தான் ஓடுகின்றன. அவற்றின் டீசல் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. எஞ்சின் ஆல்டர்னேட்டரைச் சுழற்ற, அதில் பிறக்கும் மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டார்களை ஓட்டுகிறது. நின்ற நிலையிலிருந்து நீண்ட ரயிலை இழுக்கக் கியர்பாக்ஸும் கிளட்ச்சும் தாங்காது என்பதால் ரயில்வே பொறியாளர்கள் எப்போதோ எடுத்த முடிவு அது.

காரில் இதைப் பெருமளவில் விற்றுக் காட்டியது நிஸான். 2016 நவம்பரில் ஜப்பானில் வந்த நோட் இ-பவர் காரில் 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் மின்சாரம் மட்டுமே தயாரிக்கிறது. சக்கரத்தை ஓட்டுவது 80 கிலோவாட் மோட்டார். சார்ஜ் செய்யச் செருகி இல்லை, பெட்ரோல் பங்க்கில் நிரப்பினால் போதும். மிதித்ததும் முதலில் பதில் சொல்வது மோட்டாரும் சிறிய பேட்டரியும்தான். எஞ்சின் பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறது. அந்த அரை நொடிக்கு இதைவிட நேர்மையான தீர்வு எனக்குத் தெரியவில்லை.

இதற்கும் ஒரு குறை உண்டு. எஞ்சினின் விசை மின்சாரமாகி, மீண்டும் விசையாக மாறும்போது ஒவ்வொரு படியிலும் சிறிது இழப்பு. நகரத்தில் பிரேக் பிடிக்கும்போது திரும்பக் கிடைக்கும் ஆற்றல் அந்த இழப்பை ஈடுகட்டிவிடும். திருச்சியிலிருந்து சென்னை வரை ஒரே வேகத்தில் போகும்போது ஈடுகட்டாது. அதனால்தான் 2022இல் இந்தியாவில் வந்த ஹோண்டா சிட்டி இ:எச்இவி காரில், பெரும்பாலான நேரம் மோட்டார் ஓட்டினாலும், நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு எஞ்சினே சக்கரத்தை நேரடியாக ஓட்டுகிறது. அதன் மோட்டாரின் முறுக்குவிசை 253 நியூட்டன் மீட்டர், எஞ்சின் 1.5 லிட்டர். எண்ணைப் பார்த்தாலே யார் முன்னால் நிற்கிறார் என்பது புரியும்.

அதைப் பெட்ரோல் கார் என்று சொல்லலாமா?

சொல்லலாம். ஓடுவதற்கான ஆற்றல் முழுவதும் பெட்ரோலிலிருந்தே வருகிறது. 1900ஆம் ஆண்டிலேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே, பெட்ரோல் எஞ்சின் மின்சாரம் தயாரிக்க, சக்கரத்திலுள்ள மோட்டார்கள் ஓட்டும் ஒரு காரைச் செய்திருக்கிறார். அப்போது இந்தத் தூய்மை விவாதம் எழுந்ததா என்பது வேறு கதை. மறுபக்கத்தில், 2023இல் வந்த ஹூண்டாயின் ஐயோனிக் 5 என் என்னும் மின்சாரக் கார், இல்லாத கியர் மாறுவது போன்ற வெட்டையும் எஞ்சின் சத்தத்தையும் செயற்கையாகத் தருகிறது. நாம் இங்கே எதை ஒழிக்கப் பாடுபடுகிறோமோ அதை அங்கே காசு கொடுத்துச் சேர்க்கிறார்கள்.

சத்தத்தையும் அதிர்வையும் எந்த அளவுக்குக் குறைக்கலாம்?

மூன்று சிலிண்டர் எஞ்சின் இயல்பிலேயே முன்னும் பின்னுமாக ஆடும் தன்மை உடையது; நான்கு சிலிண்டரில் சுற்று வேகத்தின் இரு மடங்கு அதிர்வெண்ணில் ஒரு நடுக்கம் மிஞ்சும்; வரிசையாக அமைந்த ஆறு சிலிண்டர் எஞ்சினில் இவை ஒன்றையொன்று சமன்செய்துவிடுகின்றன. சிறிய காரில் ஆறு சிலிண்டருக்கு இடமில்லை என்பதால், எதிர்த்திசையில் சுழலும் சமன்தண்டுகள், எஞ்சினைத் தாங்கும் திரவம் நிறைந்த மவுண்டுகள், ஒலிபெருக்கி வழியாக எதிர் ஒலி எழுப்பிச் சத்தத்தை அடக்கும் முறை ஆகியவற்றை நாட வேண்டியிருக்கிறது.

எஞ்சினைச் சக்கரத்திலிருந்து பிரித்துவிட்டால் இன்னொரு வசதி கிடைக்கிறது: எஞ்சின் எப்போது ஓட வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். 2020இல் வந்த இரண்டாம் தலைமுறை நோட் இ-பவர், சாலை கரடுமுரடாக இருப்பதைச் சக்கர வேகத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்து உணர்ந்து, டயர் சத்தம் அதிகமாக இருக்கும் அந்த நேரத்தில் எஞ்சினை ஓட்டிப் பேட்டரியை நிரப்பிக்கொள்கிறது. நல்ல சாலை வந்ததும் அடங்கிவிடுகிறது. நம் கிராமச் சாலைகளில் இந்த ஏற்பாட்டுக்கு வேலைக்குப் பஞ்சமே இருக்காது.

காலை எடுத்தாலே வண்டி நிற்கும் ஒற்றைப் பெடல் ஓட்டத்தைப் பெட்ரோல் காரில் தர முடியுமா?

மோட்டார் இல்லாத காரில் தர முயல்வது வீண் வேலை. எஞ்சின் பிரேக்கிங் வேகத்துக்கும் கியருக்கும் ஏற்ப மாறும். கடைசிச் சில கிலோமீட்டர் வேகத்தில் கிளட்ச் பிரிந்ததும் அது மறைந்துவிடும். மென்பொருள் மூலம் சக்கரப் பிரேக்கைத் தானாகப் பிடிக்கச் செய்யலாம், ஆனால் அது ஆற்றலை வெப்பமாகக் கொட்டிவிட்டுப் பிரேக் பேடையும் தேய்க்கும். மேலே சொன்னவற்றைப் போல எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட்டில் இது இயல்பாகக் கிடைக்கும், பேட்டரி நிரம்பாத வரையில்.

வெயிலில் காத்திருக்கும்போது ஏசி?

ஓட்டுவது பற்றிய கேள்வி அல்ல என்றாலும், சித்திரை வெயிலில் குன்றக்குடி அடிவாரத்தில் பெரியவர்களை உள்ளே உட்காரவைத்துக் காத்திருந்தவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி. சாதாரணப் பெட்ரோல் காரில் ஏசி கம்ப்ரெஸர் எஞ்சினின் பெல்ட்டால் சுழல்வதால், எஞ்சின் நின்றால் குளிரும் நிற்கும். ஹோண்டா, டொயோட்டா ஹைபிரிட்களில் கம்ப்ரெஸர் மின்சாரத்தால் ஓடுகிறது. சில நிமிடங்கள் ஓசையின்றிக் குளிர்ந்துவிட்டு, பேட்டரி இறங்கும்போது எஞ்சின் சற்று நேரம் ஓடி அடங்கும்.

ஓர் எச்சரிக்கை. மின்சாரக் காரில், புறப்படுவதற்கு முன்பே செல்பேசியிலிருந்து ஏசியை இயக்கி வைக்கலாம். அதே வசதி உள்ள பெட்ரோல் அல்லது ஹைபிரிட் காரை, வளவு வீட்டின் பின்கட்டோடு ஒட்டிய மூடிய ஷெட்டில் நிறுத்திவிட்டு அப்படி இயக்கக் கூடாது. எஞ்சின் புகையில் வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

பெட்ரோல் கார் எதிலாவது மின்சாரக் காரை முந்துகிறதா?

எடையில் முந்துகிறது, அதை வடிவமைப்பாளர்கள் போதிய அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது என் வருத்தம். 40 லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 30 கிலோ. அதில் ஏறத்தாழ 350 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. எஞ்சின் நான்கில் ஒரு பங்கை மட்டுமே சக்கரத்துக்குத் தந்தாலும் கிட்டத்தட்ட 90 கிலோவாட் மணி கைக்கு வரும். அந்த அளவு ஆற்றலைப் பேட்டரியில் சுமந்தால் பல நூறு கிலோ கூடும். எடை குறைந்தால் வண்டி வளைவில் இலகுவாகத் திரும்பும், பிரேக்கும் டயரும் நீடிக்கும், ஸ்பிரிங்கை மென்மையாக வைக்க முடியும். நம் பெட்ரோல் கார்கள் உயரமாகவும் அகலமாகவும் வளர்ந்து இந்த ஒரே அனுகூலத்தையும் கைவிட்டு வருகின்றன.

நீங்களே ஒரு காரை வடிவமைப்பதாக இருந்தால்?

எடை 1,100 கிலோவைத் தாண்டாத, உயரம் குறைந்த ஐந்து இருக்கைக் கார். டர்போ இல்லாத 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின், சக்கரத்தை ஓட்ட 80 கிலோவாட் மோட்டார், நெடுஞ்சாலைக்கு மட்டும் பூட்டிக்கொள்ளும் ஒரு கிளட்ச், பேட்டரி 1.5 முதல் 2 கிலோவாட் மணி. இவ்வளவு சிறிய பேட்டரியா என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்: பேருந்தை முந்த 10 நொடி முழுவதும் 40 கிலோவாட் கூடுதலாக எடுத்தாலும் செலவாவது 0.11 கிலோவாட் மணிதான். அதற்கு மேல் பேட்டரி சேர்ப்பது, பெட்ரோல் காருக்கு உள்ள எடைக் குறைவை நாமே விட்டுக்கொடுப்பதாகும். பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் பெரிய திரையில் பிடிக்கலாம், எஞ்சின் மவுண்டில் பிடிக்கக் கூடாது.

பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் ஊரில் இருந்துகொண்டு பெட்ரோல் காரைப் பற்றிப் பேசுவது பொருத்தமா?

காரைக்குடியில் சிக்ரி என்று எல்லோரும் அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று அது திறக்கப்பட்டது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அப்படிப்பட்ட ஊரில் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. ஆனால் மேலே சொன்ன காரின் தரத்தைத் தீர்மானிப்பதே அதன் பேட்டரிதான். மின்சாரக் காரின் பேட்டரி நிறையச் சேமிக்க வேண்டும். இந்தக் காரின் பேட்டரி கொஞ்சமாகச் சேமித்து, மிக விரைவாகக் கொடுத்து, மிக விரைவாக வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு மின்முனைப் பூச்சு மெல்லியதாகவும் உள் மின்தடை குறைவாகவும் இருக்க வேண்டும், 40 டிகிரி வெயிலில் ஆயுளும் குன்றக் கூடாது. வேதியியல் தெரிந்தவர்களுக்கு இதில் வேலை ஏராளம்.

இ20 பெட்ரோல் இந்த அனுபவத்தைக் கெடுக்குமா?

எத்தனாலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு என்பதால், 20 விழுக்காடு கலந்தால் மொத்த ஆற்றல் 6 முதல் 7 விழுக்காடு குறையும். மைலேஜில் அது தெரியும். ஓட்டத்தில் கெடுதல் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எத்தனாலின் ஆக்டேன், அதாவது அழுத்தத்தில் தானாகத் தீப்பற்றாமல் தாங்கும் தன்மை, அதிகம்; ஆவியாகும்போது உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கவும் செய்யும். இதை மனத்தில் வைத்து அழுத்த விகிதத்தை உயர்த்தி வடிவமைத்த எஞ்சினுக்கு இ20 நன்மையே செய்யும். பழைய எரிபொருளுக்கென்று செய்த எஞ்சினில் அந்த நன்மையை எதிர்பார்க்க முடியாது.

ஆக்சிலரேட்டர் பெடலில் பொருத்தும் சிறிய கருவியை இணையத்தில் விற்கிறார்களே?

வாங்க வேண்டாம். அது பெடலின் சமிக்ஞையை மட்டும் பெரிதாக்கிக் காட்டுகிறது: நீங்கள் கால் பங்கு மிதித்தால் பாதி மிதித்ததாக எஞ்சினிடம் சொல்கிறது. தாமதம் அப்படியே இருக்கும், எஞ்சின் கூடுதலாக எதையும் தராது. கூட்டத்தில் ஊரும்போது வண்டி துள்ளுவதுதான் மிச்சம். எஞ்சினின் மென்பொருளையே மாற்றித் தருவதாகச் சொல்பவர்களிடம் போகும் முன், நிறுவனம் பதிவு செய்த அடிப்படை விவரங்களிலிருந்து வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும், உத்தரவாதம் போய்விடக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

வெளியூரில் இருக்கிறோம், திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் மட்டும் ஊருக்கு வருகிறோம். பூர்வீக வீட்டில் நிறுத்திவைக்க எந்தக் கார் ஏற்றது?

மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு ஹைபிரிட் அவ்வளவு பொருத்தமில்லை. 12 வோல்ட் பேட்டரி இறங்குவது எல்லாக் காருக்கும் உள்ளதுதான். ஆனால் ஹைபிரிட்டில் எஞ்சினை இயக்குவதே பெரிய பேட்டரி என்பதால், அது முற்றிலும் இறங்கிவிட்டால் பக்கத்து வண்டியிலிருந்து ஒயர் போட்டு எழுப்பிவிட முடியாது. பெட்ரோலும் நிற்க நிற்க இலகுவில் ஆவியாகும் கூறுகளை இழக்கும். எத்தனால் கலந்தது காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். 2010இல் வந்த செவ்ரோலே வோல்ட் காரில் அழுத்தம் தாங்கும் மூடிய டேங்க் வைத்து, ஓராண்டு பழையதான பெட்ரோலை எஞ்சின் தானாகவே எரித்துத் தீர்க்கும்படி செய்திருந்தார்கள். அந்த வசதி நம் ஊர்க் கார்களில் இல்லாததால், வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவியைக் கொடுத்து, மாதம் ஒரு முறையாவது எஞ்சின் நன்கு சூடாகும் தூரம் ஓட்டச் சொல்வதே வழி. எலி ஒயரைக் கடிக்காமலிருக்கவும் அதுவே மருந்து.

பொறியியல் மாணவர்கள் இதில் சிறிய அளவில் என்ன செய்து பார்க்கலாம்?

அளந்து பார்க்கலாம். பெரும்பாலான பேச்சுகளில் குறைவது அதுதான். செல்பேசியின் முடுக்கமானியை டேஷ்போர்டில் அசையாமல் பொருத்தி, காரின் கணினித் தகவலைப் படிக்க உதவும் ஓபிடி இணைப்பில் பெடலின் நிலையைப் பதிவு செய்து, இரண்டையும் ஒரே நேர அளவுகோலில் வரைந்தால், பெடல் இறங்கிய கணத்துக்கும் வண்டி முன்னேறிய கணத்துக்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரியும். ஓபிடி தரவு மெதுவாக வரும் என்பதால், பெடலின் மேல் ஒரு தனி சுவிட்ச் வைப்பது நல்லது. ஏஎம்டி, சிவிடி, டர்போ, ஹைபிரிட், மின்சாரம் என்று கிடைக்கும் வண்டிகளையெல்லாம் வாகனப் போக்குவரத்து இல்லாத இடத்தில், ஒரே வேகத்தில், ஒரே அளவு மிதித்து அளந்தால், அழகப்பா பொறியியல் கல்லூரி மாணவருக்கு ஓர் இறுதியாண்டுத் திட்டத்திற்குப் போதிய பொருள் கிடைக்கும்.

டெஸ்ட் டிரைவில் எதைக் கவனிக்க வேண்டும்?

முழுதாக மிதித்துப் பார்க்காதீர்கள்; அதில் எல்லா வண்டியும் நல்ல பெயர் வாங்கிவிடும். 40 கிலோமீட்டர் வேகத்தில் சற்று நேரம் சீராகப் போய்விட்டு, பெடலைப் பாதியளவு மட்டும் மிதித்து, வண்டி உடனே கேட்கிறதா, கேட்ட அளவுக்குத்தான் தருகிறதா என்று பாருங்கள். பிறகு காலை எடுத்து, உடனே மீண்டும் மிதியுங்கள்; கியர்பாக்ஸ் தடுமாறுவது அங்கேதான் தெரியும். ஹைபிரிட் என்றால், ஏசியை முழுதாக வைத்து, பலமுறை வேகமெடுத்துப் பேட்டரியின் அளவு இறங்கிய பின் இதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். பேட்டரி நிரம்பிய நிலையில் அமைதியாக இருந்த வண்டி, அப்போது எவ்வளவு சத்தம் போடுகிறது என்பதைப் பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.